வேதியியல் வரிசை தவறினால் ஓராண்டு போகும்: மருந்தாளர் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

மருந்தாளர் படிப்புக்கு எப்படித் தயாராவது என்று பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகள் உயர்நிலை 4-இல் படிக்கிறாள். மருந்தாளர் ஆகவேண்டும் என்கிறாள். ஆனால் உயிரியலைத் தனிப்பாடமாக எடுக்கவில்லை, இயற்பியலும் வேதியியலும்தான். தொடக்கக் கல்லூரியில் எதை எடுக்கச் சொல்வது?
— வாசகி, ஈசூன்

சிங்கப்பூரில் மருந்தாளர் பட்டப்படிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.ஃபார்ம் படிப்பு. அங்கே எச்2 (ஏ நிலைத் தேர்வின் முழு அளவுப் பாடம்; எச்1 அதில் பாதி) வேதியியலில் நல்ல தேர்ச்சி கட்டாயம். கூடவே எச்2 நிலையில் உயிரியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். ஆக, உயிரியல் இல்லை என்பதால் கதவு மூடிவிடாது. உங்கள் மகள் வேதியியல், இயற்பியல், கணிதம் என்று போனாலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் நிபந்தனையைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். துணைப்பாட நிலையத்தின் பழைய அட்டையை நம்ப வேண்டாம்.

உயிரியலா இயற்பியலா என்று கேட்டால், இரண்டிலும் சம அளவு ஈடுபாடு உள்ள பிள்ளைக்கு உயிரியலையே சொல்வோம். பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் உடலியங்கியல் வேகமாக ஓடும். செல், புரதம், நொதி என்ற சொற்கள் பழகியிருந்தால் மூச்சு முட்டாது. ஆனால் இயற்பியலில் 'ஏ' எடுக்கக்கூடிய பிள்ளையை உயிரியலில் 'சி' எடுக்க வைப்பது சரியல்ல. 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மதிப்பெண் மொத்தம் 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு 10. எச்2 பாடத்தில் 'ஏ' 'பி' ஆனால் 2.5 புள்ளி போகும். 'சி' ஆனால் 5. நான்காவது பாடமும் தாய்மொழியும் மதிப்பெண்ணை உயர்த்தினால்தான் கணக்கில் சேரும், இறக்காது. அதனால் எச்1 தமிழில் நல்ல தேர்ச்சி பெறும் பிள்ளைக்கு அது வீண் போகாது.

இனி வேதியியல். ஜேசி எனும் தொடக்கக் கல்லூரியின் முதலாண்டில் மோல் கணக்கு (பொருளின் துகள்களை எண்ணும் அளவு) தடுமாறினால் வேதிச் சமநிலை தடுமாறும். சமநிலை தடுமாறினால் அமிலம்-காரம், பஃபர் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) இரண்டும் புரியாது. பஃபர் புரியாமல் மருந்தியலுக்குப் போனால், ஒரு மருந்து வயிற்றில் ஏன் உறிஞ்சப்படுகிறது, குடலில் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்பதை மனப்பாடமாகத்தான் ஒப்பிக்க முடியும். ஆஸ்பிரினின் பிகேஏ, அதாவது அமில வலிமையைக் காட்டும் எண், ஏறத்தாழ 3.5. வயிற்று அமிலத்தில் அது பெரும்பாலும் மின்னூட்டமில்லாத வடிவத்தில் இருக்கும். குடலில் பெரும்பாலும் அயனியாக மாறிவிடும். இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு ஜேசி பாடமும் பட்டப்படிப்பும் ஒரே நூலில் கோத்ததாகத் தெரியும்.

செய்முறைத் தாளைப் பலர் கடைசி மாதத்துக்கு ஒதுக்குகிறார்கள். எச்2 வேதியியலில் அது 20 விழுக்காடு. ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் டைட்ரேஷனில் புள்ளி போகும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். சொட்டுவிடும் குழாயான பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும், அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டையும் அப்படியே. ஆனால் கூம்புக் குடுவையை வடிநீரால் மட்டும் கழுவ வேண்டும். குடுவையையும் கரைசலால் கழுவினால் உள்ளே கூடுதல் மோல் தங்கிவிடும், அளவு ஏறிவிடும். பியூரெட்டின் மேல் புனலை விட்டுவைத்தால் அதிலிருந்து சொட்டும். அளவை 0.05 கன செ.மீ. வரை படித்து இரண்டு தசம இடங்களில் எழுத வேண்டும், ஒன்றுக்கொன்று 0.10-க்குள் இருக்கும் இரண்டு அளவுகள் கிடைக்கும் வரை திரும்பச் செய்ய வேண்டும். மருந்து தயாரிக்கும் கைக்குத் தேவையான ஒழுங்கும் இதுவேதான்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்து அறிவியல் பட்டயம், இரண்டாம் ஆண்டு. ஏ நிலை மாணவர்களோடு போட்டியிட முடியுமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

முடியும். ஆனால் இடங்கள் குறைவு என்பதால் ஜிபிஏ எனும் சராசரித் தரப்புள்ளி, உச்சமான 4.0-க்கு மிக அருகில் இருக்க வேண்டும். இறுதியாண்டில் விண்ணப்பிக்கும்போது முதல் ஐந்து செமஸ்டர் மதிப்பெண்களே கையில் இருக்கும். ஆறாவதில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது. இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இப்போதுதான் முக்கியமான நேரம்.

பட்டயத்தின் பலம், மருந்தோடு நேரடியாகப் பழகியிருப்பது: மாத்திரை அச்சு, மருந்துக் கலவை, மருந்துகளின் பொதுப்பெயர்கள், மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ வேலைப் பயிற்சி. பலவீனம், கரிம வேதியியலில் வினைகள் ஏன் அப்படி நடக்கின்றன என்ற ஆழம். எச்2 கரிம வேதியியல் பாடநூலை எடுத்து, கார்பனைல், அமைன், கார்பாக்சிலிக் அமிலம் ஆகிய மூன்றையும் விடுமுறையில் வரைந்து பழகுங்கள். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட வரும் வரை விடாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டாலும் மருந்தகத் தொழில்நுட்பராக மருத்துவமனையில் வேலை உண்டு. அது தோற்றவர்கள் ஒதுங்கும் இடமல்ல. மருந்து எடுத்து, அடுக்கி, லேபிள் ஒட்டி, மருந்தாளரின் சரிபார்ப்புக்கு அனுப்பும் அந்த வேலை சரியாக நடந்தால்தான் மருந்தகமே ஓடும்.

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் படித்துவிட்டு இங்கே வந்து மருந்தாளராகலாமா? செலவு குறைவு, உறவினர்களும் இருக்கிறார்கள்.
— வாசகர், சுவா சூ காங்

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சிங்கப்பூர் மருந்தாளர் மன்றம் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டுப் பட்டங்களின் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களைக் கொண்டது. பெயர் இல்லையென்றால், பட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே பதிவு பெறுவதற்கு அதை நம்பிப் போகாதீர்கள். "பிறகு ஏதாவது தேர்வு எழுதிக்கொள்ளலாம்" என்று முகவர் சொன்னால் அதை மன்றத்திடமே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) என்ற பட்டம் பற்றியும் சிலர் குழம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்தாளர் ஆவதற்கான முதல் தொழிற்பட்டமே அது. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஃபார்ம்.டி, பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஆறாண்டுப் படிப்பு. இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஃபார்ம்.டி, ஏற்கெனவே மருந்தாளராக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. மூன்றுக்கும் நுழைவுத் தகுதி வேறு வேறு.

நான் உயிரியல் அறிவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அண்ணன் டெக்சசில் இருக்கிறார். பட்டம் முடித்து அமெரிக்காவில் ஃபார்ம்.டி சேர நினைக்கிறேன். முன்தேவைப் பாடங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
— வாசகி, செங்காங்

நல்ல வேளையில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கேட்பவர்களுக்குத்தான் ஓராண்டு வீணாகிறது.

அமெரிக்க ஃபார்ம்.டி பெரும்பாலும் நான்காண்டு. அதற்கு முன் குறைந்தது இரண்டாண்டுக் கல்லூரிப் பாடங்களைக் கேட்பார்கள். பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு என்றாலும் நடுக்கூறு இதுதான்: பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், உயிரியல் இரண்டு செமஸ்டர், மூன்றுக்கும் ஆய்வகத்தோடு. பிறகு நுண்ணுயிரியல், உடற்கூறியலும் உடலியங்கியலும், உயிர்வேதியியல், இயற்பியல், நுண்கணிதம், புள்ளியியல். அறிவியலுக்கு வெளியே ஆங்கிலக் கட்டுரை எழுத்து, மேடைப் பேச்சு, பொருளியல் அல்லது உளவியல்.

இவற்றில் எதையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வேதியியலைத் தவிர. பொது வேதியியல் 1 முடித்தால்தான் 2; அது முடிந்தால்தான் கரிம வேதியியல் 1; பிறகு 2; அதன் பின்னரே பெரும்பாலும் உயிர்வேதியியல். ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து செமஸ்டர். கரிம வேதியியல் 1 ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகிறது என்றால், அதைத் தவறவிட்டவருக்கு ஒரு செமஸ்டர் அல்ல, முழு ஆண்டு தள்ளிப்போகும். ஆகவே ஒரு தாளில் சேர விரும்பும் மாதத்தை வலது ஓரத்தில் எழுதி, அங்கிருந்து இடப்பக்கமாக வேதியியலை மட்டும் முதலில் நிரப்புங்கள். மீதியை இடைவெளிகளில் செருகுங்கள்.

விண்ணப்பம் ஃபார்ம்காஸ் என்ற பொது இணையத்தளம் வழியாகப் போகும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு முந்தைய ஆண்டு ஜூலை வாக்கில் திறப்பார்கள். 2028 ஆகஸ்டில் சேர நினைத்தால் 2027 ஜூலையில் விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டியதில்லை. சேர்வதற்கு முந்தைய கோடைக்குள் முடிந்தால் பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும். ஆனால் கரிம வேதியியல் 1 மதிப்பெண்ணாவது கையில் இருப்பது நல்லது. அதைப் பார்த்துத்தான் தேர்வுக்குழு உங்களை எடைபோடும்.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குச் சிக்கல் வரும் இடங்களைத் தனியே சொல்கிறோம்.

நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வகம் பாடத்துக்குள்ளேயே கலந்திருக்கும், அல்லது தனிக் குறியீட்டில் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக இருக்கும். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்கும் அமெரிக்க அலுவலருக்கு "கரிம வேதியியல் ஆய்வகம்" என்ற வரி தெரியாது. நீங்கள் செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் அது நடக்கும் செமஸ்டரிலேயே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். ஆய்வக மணிநேரம் எழுதியிருக்கும் பக்கம் முக்கியம். பிறகு பாடத்திட்டங்கள் மாறிவிட்டால் பழையது கிடைக்காது. நீங்கள் குறிவைத்த ஐந்தாறு பள்ளிகளுக்கும் அந்தக் கோப்புகளை அனுப்பி, "இது உங்கள் இந்தப் பாடத்துக்கு ஈடாகுமா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

வெளிநாட்டு மதிப்பெண்களுக்குப் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். அது வரப் பல வாரங்கள் ஆகலாம். நுண்ணுயிரியல் ஆய்வகம், உடற்கூறியல், மேடைப் பேச்சு ஆகியவை உயிரியல் பட்டதாரிகளிடமும் அடிக்கடி விடுபட்டிருக்கும். சில பள்ளிகள் ஆங்கிலப் பாடத்தையோ கடைசிச் சில பாடங்களையோ அமெரிக்கக் கல்லூரியிலேயே படிக்கச் சொல்லும். அப்படியானால் அண்ணன் வீட்டுக்கு அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் ஒரு கோடைப் பருவம் போதுமா என்று பார்க்கலாம், ஆனால் விசா நிபந்தனையை முதலில் சரிபாருங்கள். இணையவழி ஆய்வகத்தை ஏற்காத பள்ளிகளும் உண்டு.

பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒவ்வொரு முன்தேவைப் பாடத்திலும் குறைந்தது 'சி' வேண்டும். 'தேர்ச்சி' என்று மட்டும் போடும் பாடம் பல இடங்களில் செல்லாது. ஆகவே நம் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மதிப்பெண்ணை மறைத்துக்கொள்ளும் வசதியை வேதியியலுக்குப் பயன்படுத்தும் முன் இருமுறை யோசியுங்கள். திரும்ப எழுதினால் பழைய மதிப்பெண் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். ஃபார்ம்காஸ் இரண்டையும் சேர்த்தே சராசரி போடும். அறிவியல் பாடங்களுக்குக் காலாவதி வைத்திருக்கும் பள்ளிகளும் உள்ளன. ஐந்து முதல் பத்தாண்டுக்கு முந்தியதை ஏற்க மாட்டார்கள்.

அமெரிக்க மருந்தாளர் பள்ளிகளுக்கான பிகேட் நுழைவுத்தேர்வுப் புத்தகங்களை இன்னமும் சிலர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அந்தத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது.

கடைசியாக, திரும்பி வந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், சுவா சூ காங் வாசகருக்குச் சொன்ன பட்டியலை நீங்களும் பாருங்கள். அமெரிக்காவில் உள்ள எல்லாப் பள்ளிகளும் அதில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விண்ணப்பத்துக்கு அனுபவம் வேண்டும் என்கிறார்கள். 17 வயதில் எந்த மருந்தகம் எங்களை உள்ளே விடும்?
— மாணவி, தெம்பனிஸ்

மருந்து வழங்கும் இடத்துக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் முன்பக்கம் திறந்தே இருக்கிறது. கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி போன்ற கடைகளில் விடுமுறைக்காலப் பகுதிநேர வேலை தேடுங்கள். மருந்தாளர் பணியில் இருக்கும் கிளையாகப் பார்த்துக் கேளுங்கள், எல்லாக் கிளையிலும் இருக்கமாட்டார். அங்கே நிற்கும்போது கவனிக்க ஒன்று சொல்கிறோம். சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை: மருத்துவர் சீட்டு வேண்டியவை, மருந்தாளர் மட்டும் தரக்கூடியவை, யாரும் எடுத்து வாங்கக்கூடியவை. இரண்டாவது வகையை ஒருவர் கேட்டு வரும்போது மருந்தாளர் என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள்: யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து, ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா. சில சமயம் மருந்து தராமல் மருத்துவரிடம் அனுப்புவார். ஏன் அனுப்பினார் என்பதை அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டால், அதுதான் அனுபவம்.

மருத்துவமனையில் சில நாள் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் கிடைக்கும். மூன்று மாதம் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். தனியாக எழுதுவதானால் எந்தத் தேதிகள், என்ன பார்க்க விருப்பம், தடுப்பூசி விவரம், இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையொப்பமிடச் சம்மதம் ஆகிய நான்கையும் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்து இடங்களில் ஒவ்வொரு நாள் எடுத்த சான்றிதழ்களைவிட, ஒரே முதியோர் நிலையத்தில் ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் போனவருக்குப் பேச விஷயம் இருக்கும். உங்களுக்குத் தமிழ் தெரியும், அதைக் கொண்டுபோங்கள். ஆங்கில லேபிளைப் படிக்க முடியாத பாட்டியிடம் "வெறும் வயிற்றில்" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். காலைக் கோப்பி குடித்த பிறகும் வெறும் வயிறுதான் என்று நினைப்பவர் உண்டு. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினுக்கு அந்தக் கோப்பியே இடைஞ்சல். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரோடு விழுங்க வேண்டும், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டை ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகலாம். இப்படிப்பட்டதை நீங்களாகச் சொல்லி மருந்தை மாற்றச் சொல்லக் கூடாது. அங்குள்ள தாதியிடம் தெரிவியுங்கள். ஆனால் தமிழில் தெளிவாக, பயமுறுத்தாமல் விளக்கிப் பழகுங்கள்.

ஒரு குறிப்பேடு வையுங்கள்: தேதி, இடம், மணிநேரம், பார்த்தது, புரியாதது, மேற்பார்வையாளரின் மின்னஞ்சல். நோயாளியின் பெயரோ படமோ வேண்டவே வேண்டாம். நேர்காணலுக்கு முந்தைய வாரம் இந்த ஏட்டைத்தான் படிக்க வேண்டும். "மருத்துவம் இல்லாமல் ஏன் இது" என்ற கேள்விக்கு, மருத்துவத்தில் இடம் கிடைக்குமோ என்னவோ என்ற தொனி எட்டிப் பார்த்தால் அங்கேயே முடிந்துவிடும். ஏட்டில் உள்ள ஒரு நிகழ்வை எடுத்து, மருந்தாளர் அங்கே செய்த வேலை எது, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லுங்கள்.

மகன் ஏ நிலை முடித்துத் தேசிய சேவைக்குப் போகிறான். இரண்டாண்டில் எல்லாம் மறந்துவிடாதா?
— வாசகர், பிடோக்

மறக்கும், அதனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு வந்த ஆண்டிலேயே விண்ணப்பித்து இடம் பெற்றால், சேவை முடியும் வரை அதை வைத்திருப்பார்கள். மருத்துவ உதவியாளர் பிரிவு கிடைத்தால் நல்ல அனுபவம், ஆனால் அது அவன் கையில் இல்லை. சேவை முடியும் கடைசி ஆறு மாதத்தில் வாரம் இரண்டு மாலை, பஃபரும் கரிம வேதியியலும் மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

அந்த ஆறு மாதத்தில் தடுப்பூசிப் பதிவையும் அரசாங்கத்தின் சுகாதாரத் தளமான ஹெல்த்ஹப்பில் பாருங்கள். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களிடம் ஹெப்படைட்டிஸ் பி, தட்டம்மை-புட்டாளம்மை-ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரம் கேட்பது வழக்கம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைக் குழந்தையாக இருந்தபோது போட்டிருந்தாலும் எதிர்ப்புச் சக்தியின் அளவு குறைந்திருக்கலாம். முழுத் தொடரையும் மீண்டும் போட நேர்ந்தால் ஆறு மாதம் ஆகும். வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்று: இங்கே பிறந்தவர்களுக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாக வீங்கிக் காட்டலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எனக்கு வயது 33. வேதிப் பொறியியல் பட்டதாரி, துவாசில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. இப்போது மருந்தாளர் ஆக முடியுமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

வயது தடையல்ல. ஆனால் உங்கள் பட்டமோ தொழிற்சாலை அனுபவமோ பி.ஃபார்முக்கு மாற்றாகாது, நான்காண்டையும், அதன்பின் மேற்பார்வையில் பயிற்சியையும், மருந்தாளர் மன்றத்தின் தேர்வையும் முடித்தாக வேண்டும். முதல் பட்டத்துக்கு அரசாங்கக் கல்விக் கட்டண மானியம் பெற்றிருந்தால் இரண்டாவதற்கு அது பொதுவாகக் கிடைக்காது. எனவே மானியமில்லாத கட்டணத்தையும் நான்காண்டுச் சம்பள இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நோயாளியோடு பேசும் வேலைதான் வேண்டும் என்றால் அந்தக் கணக்கோடு விண்ணப்பியுங்கள். மருந்தின் தரம், பாதுகாப்பு, பதிவு ஆகியவற்றில்தான் ஈடுபாடு என்றால் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ ஒழுங்குமுறைப் பிரிவுக்கோ மாறலாம். அங்குள்ள பெரும்பாலான வேலைகளுக்கு மருந்தாளர் பதிவு தேவையில்லை. எதைத் தேர்ந்தாலும் வேலையை விடும் முன், உங்கள் எச்2 மதிப்பெண்ணும் பட்ட மதிப்பெண்ணும் இப்போதைய நுழைவுத் தகுதிக்குப் பொருந்துமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.